வில்பத்து முகாமுக்குத் தமிழ் தெரிந்த வழிகாட்டி தேவை

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து ஜூன் கடைசியில் வில்பத்து தேசியப் பூங்காவுக்குப் போய் இரண்டு இரவு கூடாரத்தில் தங்கப் போகிறோம், ஆனால் தமிழில் விளக்கம் சொல்லக்கூடிய வழிகாட்டி இன்னும் கிடைக்கவில்லை. பெரியவர்கள் நால்வர், பிள்ளைகள் மூவர். கூட வருகிற மாமாவுக்குத் தமிழ் மட்டும்தான்.

முகாமிடம் வனஜீவராசிகள் திணைக்களத்தில் பதிந்தாயிற்று. ஹுனுவிலகம வாசலில் ஜீப் ஓட்டுபவர்களோடு கதைத்தேன், அனுராதபுரத்தில் ஒரு முகவரிடமும் கேட்டேன், எல்லாரும் சிங்களம் அல்லது ஆங்கிலம் என்றார்கள். வவுனியாவில் ஒருவர் சரி என்று சொல்லிவிட்டு இப்போது போனை எடுப்பதில்லை. நான் மொழிபெயர்க்கலாம்தான், ஆனால் ஒரு வசனம் முடிக்க முன் மிருகம் பற்றைக்குள் போய்விடும்.

சிறுத்தையைப் பார்த்தே ஆகவேண்டும் என்றில்லை. உள்ளே நினைத்த இடத்தில் ஜீப்பை விட்டு இறங்க முடியாது என்பதும் தெரியும். விடியப்புறம் மணல் பாதையில் கிடக்கிற தடத்தை ஜீப்பிலிருந்தே காட்டி, நகம் பதியாமல் வட்டமாக இருந்தால் சிறுத்தை, விரலுக்கு முன்னால் நீள நகம் பதிந்திருந்தால் கரடி என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக்கூடிய ஆள் வேண்டும். பாலைப்பழக் காலம் வேறு, கரடி மரத்தில் ஏறித் தின்னும். எந்தப் பக்கம் பாலை காய்த்திருக்கிறது என்று தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

வில்பத்துக்குள் உங்களைக் கூட்டிப்போன, தமிழில் நன்றாகச் சொல்லித்தரும் வழிகாட்டி யாராவது இருக்கிறார்களா?