மறு: ‘மிஸ்ஸிங் டிஸ்க்’ – ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும்

எல்லாருக்கும் வணக்கமுங்க.

திருப்பூர்த் தம்பி, பின்னலாடை அலுவலகங்களில் கணினி பார்த்துக்கொள்கிறவர்களுக்காகத் தமிழில் பழுதுநீக்கக் கையேடு எழுதுவது பெரிய காரியம். அதற்காகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நீங்கள் கேட்டது இது:

> மறையாக்கம் செய்த மெய்நிகர் கணினி, வட்டு இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. ‘மிஸ்ஸிங் டிஸ்க்’ என்பதற்கு நச்சென்று ஒரே சொல் கொடுங்கள்.

ஒரே சொல் கொடுத்தால் உங்கள் கையேட்டைப் படிக்கிறவர் தரவை இழப்பார் என்று அஞ்சுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: மெய்நிகர் கணினி (விர்ச்சுவல் மெஷின்) என்பது புரவலர் என்னும் உண்மைக் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி, அதன் வட்டு புரவலரில் ஒரு கோப்பு; மறையாக்கம் (என்கிரிப்ஷன்) என்பது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றி வைப்பது. கணக்கு விவரமெல்லாம் இரண்டாவது மெய்நிகர் வட்டில் லக்ஸ் (LUKS, லினக்ஸின் வட்டு மறையாக்க முறை) மறையாக்கத்தோடு இருக்கிறது, உள்ளே ஓடுவது உபுண்டு என்று வைத்துக்கொள்வோம். தொடங்கும்போது, கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான சிஸ்டம்டி அந்த வட்டின் யுயுஐடியை (UUID, வட்டின் தனி அடையாள எண்) தேடும். இயல்பாக ஒன்றரை நிமிடம் காத்திருந்து, கிடைக்காவிட்டால் அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். வட்டை மெய்நிகர் கணினியின் அமைப்பில் (செட்டிங்ஸ்) இணைக்க மறந்திருந்தாலும் இதே திரைதான். வட்டு இணைந்திருந்து லக்ஸ் தலைப்பகுதி (ஹெடர்) அழிந்திருந்தாலும் இதே திரைதான், ஏனென்றால் யுயுஐடி எழுதியிருப்பதே அந்தத் தலைப்பகுதியில். வட்டுக் கோப்பே புரவலர் கணினியில் இல்லையென்றால், உள்ளே போகுமுன்பே ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) மறுத்துவிடும். அவசரத்தில் யாராவது அமைப்பிலிருந்து அந்த வட்டை நீக்கிவிட்டு ஓட்டினால், மறுபடியும் அதே ஒன்றரை நிமிடம், அதே திரை.

நோய் மூன்று, மருந்தும் மூன்று. முதலாவதற்கு வட்டை இணைத்தால் போதும். கோப்பே இல்லையென்றால் காப்புப்படியிலிருந்து மீட்க வேண்டும். தலைப்பகுதி போயிருந்தால் வட்டின் மேல் எதையும் எழுதாமல் முதலில் அப்படியே ஒரு நகல் எடுக்க வேண்டும். இந்த மூன்று நிலையில் இருப்பவர்கள் எல்லாரிடமும் ‘வட்டு இல்லை’ என்று சொன்னால், தலைப்பகுதி போன மூன்றாமவர் என்ன செய்வார்? புது வட்டு போலத் தெரிவதை வடிவமைத்து (ஃபார்மேட் செய்து) விடுவார். அதோடு முடிந்தது.

சோமனூரிலோ பல்லடத்திலோ தறிக்குடோனுக்குப் போய்ப் பாருங்கள். வெறுமனே ‘நூல் அறுந்துபோச்சு’ என்று யாரும் நிறுத்துவதில்லை. பாவா, ஊடையா என்று சேர்த்தே சொல்வார்கள். சரிசெய்யும் முறை வேறு என்பதால் பெயரும் வேறாக இருக்கிறது. நமக்கும் அதுதான் வேண்டும்.

இனி வந்த முன்மொழிவுகளைப் பார்ப்போம்.

> ‘மறைவட்டு’ என்றால் என்ன? சுருக்கமாக இருக்கிறது. – ஈரோடு

ஐயா, வேறு எந்தத் துறையிலும் இதை உடனே ஏற்றிருப்பேன். இங்கே ‘மறையாக்கம்’ என்ற சொல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ‘மறைவட்டு’ என்று படிப்பவர் மறையாக்கம் செய்த வட்டு என்று நினைப்பாரா, மறைந்துபோன வட்டு என்று நினைப்பாரா? அப்படியானால் ‘குறியாக்கம்’ என்று மாற்றிக்கொள்ளலாமே என்று நேற்று ஒருவர் கேட்டார். ‘எழுத்துக் குறியாக்கம்’ என்று ஒருங்குறி (யூனிகோடு) பற்றிப் பேசும்போது அதே சொல்லைத்தான் புழங்குகிறோம். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தபோது அரங்கமெல்லாம் அந்தப் பேச்சுத்தானே. எழுத்துக்கு எண் கொடுப்பது வேறு, பிறர் படிக்க முடியாமல் செய்வது வேறு. மறையாக்கம் அப்படியே இருக்கட்டும். ‘மறை’ வேரை வேறு எதற்கும் தொடாமல் விடுவோம்.

> தொலைந்த வட்டு, சுருக்கினால் ‘தொலைவட்டு’. – கோபி

அக்கா, தொலைபேசி, தொலைக்காட்சி என்று பழகிய காதுக்கு ‘தொலைவட்டு’ என்றதும் வலையமைப்பில் எங்கோ தூரத்தில் இருக்கும் வட்டுதான் தோன்றும். அந்தப் பொருளுக்கு இது அருமையான சொல். எடுத்து வைத்துக்கொள்வோம், இங்கே வேண்டாம்.

> திறக்க முடியாததற்குப் ‘பூட்டிய வட்டு’. – பொள்ளாச்சி

அண்ணா, விஎம்வேர் என்னும் ஹைப்பர்வைசரில் வட்டுக் கோப்பை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் எழுத ஒரு பூட்டு உண்டு. கணினி திடீரென்று அணைந்தால் அந்தப் பூட்டு அப்படியே தங்கிவிடும். கோப்பைப் பூட்ட முடியவில்லை என்று பிழை வரும். அதற்கும் மறையாக்கத்துக்கும் தொடர்பே கிடையாது. ‘பூட்டு’ அங்கே தேவைப்படுகிறது.

என் முன்மொழிவு இது: சேராவட்டு, காணாவட்டு, திறவாவட்டு. கோப்பு இருக்கிறது, மெய்நிகர் கணினியோடு இணையவில்லை என்றால் சேராவட்டு. கோப்பே இல்லையென்றால் காணாவட்டு. இணைந்திருக்கிறது, கொள்ளளவும் தெரிகிறது, உள்ளே போக முடியவில்லை என்றால் திறவாவட்டு. மூன்றும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றைப் படித்தவருக்கு மற்ற இரண்டும் தானாகப் புரியும். ‘காணாவட்டு’ பார்வையில்லாத வட்டு என்று ஆகாதா என்ற கேள்வி வரும். ‘மாடு காணாப்போச்சு’ என்று பேசுகிற ஊரில் அந்தக் குழப்பம் வராது. ‘திறவா’ நம் பக்கத்துக்கு இன்னும் நெருக்கம். சாவியைத் தொறப்பு, தொறப்புக்குச்சி என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்களே.

அந்தத் தொறப்பை வைத்தே இன்னொரு சொல்லும் கேட்கிறேன். லக்ஸ் தலைப்பகுதிக்குள் சாவிகளை வைக்கும் இடங்கள் உண்டு: முதல் பதிப்பில் 8, இரண்டாம் பதிப்பில் 32 வரை. இவற்றைத் ‘திறப்பறை’ என்று சொல்லலாமா? தரவைத் திறக்கும் மூலச்சாவி ஒன்றுதான். ஒவ்வொரு திறப்பறையிலும் ஒரு கடவுச்சொல்லால் மூடிய அதன் படி (நகல்) இருக்கிறது. இரண்டாம் பதிப்பில் தலைப்பகுதியின் விவரப் பகுதிக்கு (மெட்டாடேட்டா) இரண்டு படிகள் உண்டு, திறப்பறைகளுக்கு அந்த வசதி இல்லை. அவை அழிந்தால் சரியான கடவுச்சொல் கையில் இருந்தும் வட்டு திறவாவட்டுதான்.

தம்பி, விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் இன்னொரு ஹைப்பர்வைசர் பற்றியும் ஒரு பத்தி சேருங்கள். அதன் சொந்த மறையாக்கத்தைப் பயன்படுத்தினால், மூடிய சாவி வட்டுக் கோப்பில் இருக்காது; மெய்நிகர் கணினியின் அமைப்புக் கோப்பில் இருக்கும். வட்டுக் கோப்பை மட்டும் பத்திரமாக நகலெடுத்து வேறு கணினிக்குக் கொண்டுபோனால் அது முதலில் சேராவட்டு. பழைய அமைப்புக் கோப்பை அழித்துவிட்டால் அதுவே நிரந்தரத் திறவாவட்டு. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி விழுகிறது என்பதை இத்தனை சுருக்கமாகச் சொல்ல முடிவதால்தான் இந்த மூன்று சொல்லையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கையேட்டில் சோதிக்கும் வரிசையை இப்படி வைக்கலாம். முதலில் புரவலர் கணினியின் கோப்புறையில் வட்டுக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கவும். இல்லையென்றால் காணாவட்டு. இருந்தால், அவசர நிலையிலேயே எல்எஸ்பிஎல்கே (lsblk, வட்டுகளைப் பட்டியலிடும்) கட்டளை கொடுக்கவும். அந்தக் கொள்ளளவில் வட்டு எதுவும் வராவிட்டால் சேராவட்டு. வந்தால் திறவாவட்டு. பிஎல்கேஐடி (blkid, வட்டின் வகையைச் சொல்லும்) கட்டளை அதை லக்ஸ் என்று காட்டினால் தலைப்பகுதி அடையாளம் தெரிகிறது, கடவுச்சொல்லையும் திறப்பறைகளையும் பாருங்கள். ஒன்றுமே காட்டாவிட்டால் கையை எடுத்துவிட்டு நகல் எடுங்கள். தலைப்பகுதியை, லக்ஸைக் கையாளும் கிரிப்ட்செட்டப் (cryptsetup) கட்டளை கொண்டு முன்பே தனியாகக் காப்பெடுத்து வைத்திருந்தால் அந்த நகலின் மேல் அதை மீட்டுப் பார்க்கலாம். இரண்டாம் பதிப்பில் அந்தக் காப்பு இயல்பாக 16 மெகாபைட்டுதான், ஒரு பென்டிரைவில் அடங்கும்.

நிலைப்பிடிப்புச் (ஸ்னாப்ஷாட்) சங்கிலியில் தாய்வட்டு மட்டும் போய், அதற்குப் பின் வந்த மாற்றங்களை மட்டும் வைத்திருக்கும் சேய்வட்டுகள் மிஞ்சும் நிலைக்கு இதில் இடமில்லை என்று பொள்ளாச்சி அண்ணன் தனியே எழுதியிருந்தார். சரிதான். தாயின் கோப்பே இல்லை, அதனால் தாய் காணாவட்டு. சேய் எந்த வகை? இணைந்திருக்கிறது, கோப்பும் இருக்கிறது, ஆனால் தாயில்லாமல் அதில் உள்ளது பாதித் தரவு. ‘அனாதை வட்டு’ எனக்குப் பிடிக்கவில்லை, மனிதரின் துயரத்தை ஒரு கோப்புக்குப் பெயராக வைக்க மனம் வரவில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்க.