மரைனர்ஸ் 2026: என் கணக்கு 93 வின், உங்க கணக்கு என்ன?

அம்மாபேட்டை_51

வணக்கம் மக்களே. சேலம் பக்கம் பேஸ்பால் பாக்கறவங்க எத்தனை பேர் இருக்கீங்கன்னு தெரியல, இருக்கற நாலு பேர்கிட்டயாச்சும் சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள இதை கேட்டுரணும். அமெரிக்க பேஸ்பால் லீக்ல சியாட்டில் மரைனர்ஸ் இந்த வருஷம் எத்தனை மேட்ச் ஜெயிப்பாங்க, வேர்ல்ட் சீரிஸ் (லீக்கோட பைனல்) போவாங்களா, காரணத்தோட சொல்லுங்க.

நான் வேலைக்காக மூணு வருஷம் சியாட்டில் பக்கத்துல பெல்வியூல இருந்தேன். 2022 செப்டம்பர் 30 ராத்திரி ஸ்டேடியத்துல உக்காந்திருக்கேன், ஒன்பதாவது இன்னிங்ஸ், 1-1, ரெண்டு பேர் அவுட், பெஞ்சுல இருந்து கேல் ராலின்னு ஒரு கேட்சர் (கிரிக்கெட் கீப்பர் மாதிரி) வந்து ஒரே அடி, ஹோம் ரன் (சிக்ஸர் மாதிரி), 21 வருஷம் கழிச்சு டீம் ப்ளேஆஃப் உள்ள போச்சு. பக்கத்து சீட்டு பெரியவர் யாருன்னே தெரியாது, என் கையை புடிச்சுட்டு அழுதார், நானும் அழுதேன். அன்னிக்கு புடிச்சது இன்னும் விடல. இப்ப சேலத்துக்கே வந்துட்டேன், வீட்ல இருந்தே வேலை. அங்க சாயங்காலம் 7:10க்கு மேட்ச்னா இங்க காலைல 7:40, இட்லி தட்டோட உக்காந்தா பத்தரைக்குள்ள முடிஞ்சுரும்.

மரைனர்ஸ் 1977ல ஆரம்பிச்ச டீம். மொத்தம் 30 டீம்ல வேர்ல்ட் சீரிஸ் ஒரு தடவை கூட ஆடாத டீம் இது ஒண்ணுதான். 2001ல 162 மேட்ச்ல 116 ஜெயிச்சாங்க, அப்பவும் போக முடியல.

போன வருஷம் எவ்ளோ பக்கத்துல போனோம்னு பாத்தவங்களுக்கு தெரியும். ப்ளேஆஃப்ல டெட்ராய்ட் கூட கடைசி மேட்ச் 15 இன்னிங்ஸ் போச்சு (வழக்கமா ஒன்பதுதான்), இங்க சனிக்கிழமை காலைல அஞ்சரைக்கு ஆரம்பிச்சு பத்தரைக்கு முடிஞ்சுது, நம்ம போலாங்கோ அடிச்சு 3-2ன்னு ஜெயிச்சப்ப எங்கப்பா தறியை நிறுத்திட்டு என்னடா ஆச்சுன்னு ஓடி வந்தார். அப்புறம் டொராண்டோ ப்ளூ ஜேஸ், ஏழுல நாலு ஜெயிச்சா வேர்ல்ட் சீரிஸ். முதல் ரெண்டு மேட்சை அவங்க ஊர்லயே போய் ஜெயிச்சோம், ஊருக்கு வந்து ரெண்டு தோத்தோம், அஞ்சாவதுல நம்ம சுவாரெஸ் கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடில நாலு ரன்) அடிச்சு சீரிஸ்ல 3-2ன்னு முன்னாடி போனோம். ஆறாவது மேட்ச் சரியா தீபாவளி காலைல, அம்மா எண்ணெய் கிண்ணத்தோட நிக்கறாங்க, நான் டிவி முன்னாடி, மூணு இன்னிங்ஸ்ல நமக்கு மூணு டபுள் ப்ளே (ஒரே பால்ல ரெண்டு பேர் அவுட்). மறுநாள் ஏழாவது. 3-1ன்னு முன்னாடி இருந்தோம், ஏழாவது இன்னிங்ஸ்ல ரெண்டு பேர் பேஸ்ல இருக்கும்போது அவங்க ஸ்பிரிங்கர் ஹோம் ரன், 4-3ன்னு போச்சு. ஒன்பது அவுட் கூட பாக்கி இல்ல. பட்டாசு பேப்பர் கூட்டாம வாசல்லயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

இப்ப என் கணக்கு. 93 வின், டிவிஷன்ல (நம்ம குரூப்ல) முதலிடம், வேர்ல்ட் சீரிஸ் போறோம். கேல் போன வருஷம் 60 ஹோம் ரன் அடிச்சார், கேட்சர்ல யாரும் அடிச்சதில்ல, ஸ்விட்ச் ஹிட்டர்ல (இடது வலது ரெண்டு பக்கமும் நின்னு அடிக்கறவங்க) 1961ல மேன்டில் அடிச்ச 54யும் தாண்டியாச்சு. அது திரும்ப வராது, 42 வந்தா போதும்னு நான் நினைக்கறேன். ரோஜர் மாரிஸ் 61 அடிச்ச அடுத்த வருஷம் 33தான், ஆரன் ஜட்ஜ் 62க்கு அப்புறம் காயத்தோட 37. அந்த இடைவெளியை மத்தவங்க நிரப்பணும். நம்ம பேட்டர் ஹூலியோ எப்பவும் சீசனோட முதல் பாதில தூங்குவார், ரெண்டாவது பாதில எரிவார், இந்த வருஷம் ஏப்ரல்லயே எரியணும். நெய்லர் அஞ்சு வருஷத்துக்கு கையெழுத்து போட்டது எனக்கு பெரிய நிம்மதி, மெதுவா ஓடற மனுஷன் பிட்சரை (பால் போடறவரை) படிச்சே 30 பேஸ் திருடினார் (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடறது), அந்த மாதிரி மூளை டீமுக்கு வேணும். போலாங்கோவும் சுவாரெஸும் வேற டீமுக்கு போனது மனசுக்கு கஷ்டமா இருக்கு.

ஆனா எல்லாம் நிக்கறது பிட்சிங்லதான். போன வருஷம் கில்பர்ட், கிர்பி, மில்லர் மூணு பேரும் காயம், கடைசில வூவும். நாலு பேரும் முழுசா ஆடாமலே 90 வின் வந்துச்சுன்னா, அவங்க ஆளுக்கு 30 மேட்ச் போட்டா என்ன வரும்னு யோசிச்சு பாருங்க. நீங்க சொல்லுங்க.

சூரமங்கலம்_ஜேஸ்

ப்ரோ நான் ப்ளூ ஜேஸ், அக்கா ஸ்கார்பரோல இருக்காங்க, மாமாதான் எனக்கு பேஸ்பால் சொல்லி குடுத்தார். உங்க வாசல் கதை படிச்சு கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா ரெண்டு வாரத்துல எங்களுக்கும் அதே. டாட்ஜர்ஸ் கூட ஏழாவது மேட்ச், ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டே அவுட் எடுத்தா கப்பு, அப்ப மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன் அடிச்சு சமன் பண்ணிட்டார், 11 இன்னிங்ஸ்ல 5-4ன்னு போச்சு. உங்க ஹூலியோவை ஸ்ட்ரைக் அவுட் பண்ணி எங்களை உள்ள அனுப்பின அதே ஹாஃப்மேன் போட்ட பால்தான் அது.

என் கணக்கு உங்களுக்கு 89. டிவிஷன் ஜெயிப்பீங்க, ஆனா வேர்ல்ட் சீரிஸ் நாங்க. நாங்க பிட்சர் டிலன் சீஸ எடுத்திருக்கோம், உங்க பேட்டிங்ல ரெண்டு பேர் போயாச்சு. அப்புறம் ஒண்ணு கேக்கணும், அந்த ஏழாவது இன்னிங்ஸ்ல உங்க க்ளோசர் (கடைசி இன்னிங்ஸ் போடற பிட்சர்) முன்யோஸ் ஏன் வரல? மேட்சே அங்கதான் இருக்கு, நல்ல பிட்சரை ஒன்பதாவதுக்குன்னு வெச்சிருந்து என்ன பண்றது. உங்க மேனேஜர் டான் வில்சன் அதை மாத்திக்கலைன்னா 93 வந்தாலும் அக்டோபர்ல இதேதான்.

அஸ்தம்பட்டி_கேட்சர்

நான் காலேஜ்ல சாஃப்ட்பால் ஆடினவ, நாலு வருஷமும் கேட்சர், இப்ப ஸ்கூல்ல பி.டி. டீச்சர். எல்லாரும் 60 ஹோம் ரன்னை பத்தியே பேசறீங்க, என் கண்ணு கேல் முட்டி மேல இருக்கு. போன வருஷம் 159 மேட்ச் ஆடினார், அதுல பாதிக்கு மேல மண்ல குந்தி உக்காந்து. ஒரு மேட்ச் முழுக்க குந்தி எந்திரிச்சு பாத்தவங்களுக்குத்தான் அது என்னன்னு தெரியும், மறுநாள் படி இறங்கும்போது கைப்பிடி தேடுவோம். அதனால நான் 38 ஹோம் ரன்தான் சொல்வேன், அதுவும் டிஎச்சா (பேட்டிங் மட்டும் பண்றவரா) நிறைய உக்கார வெச்சா.

ஆனா இந்த வருஷம் அவருக்கு புதுசா ஒரு வேலை வருது தம்பி, அதை நீங்க சொல்லவே இல்ல. ஸ்ட்ரைக் பாலா (அடிக்கற எல்லைக்குள்ள வந்த பாலா) இல்லையான்னு அம்பயர் சொன்னதை சேலஞ்ச் பண்ணலாம், கிரிக்கெட்ல ரிவ்யூ மாதிரி. ஒரு டீமுக்கு ரெண்டு, சரியா இருந்தா கையிலயே இருக்கும், தப்பா இருந்தா போச்சு. கேக்கறது பேட்டர், பிட்சர், கேட்சர் மூணே பேர், உடனே தொப்பியை தட்டணும், பெஞ்சை திரும்பி பாக்கவே கூடாது. இதுல பிட்சர் நம்பிக்கை வைக்க முடியாத ஆளு, போட்ட ஒவ்வொரு பாலும் ஸ்ட்ரைக்னுதான் நினைப்பான். கேட்சர்தான் நேரா பாக்கறவ. என்கிட்ட அன்னிக்கு இது இருந்திருந்தா ஒரு பைனலே எங்க பக்கம் வந்திருக்கும், முட்டி உயரத்துல வந்த பால், எனக்கு இன்னிக்கும் கண்ணுல நிக்குது.

முன்னாடி கேட்சர் வேலைல ஒரு பெரிய பங்கு, ஓரத்துல வர்ற பாலை க்ளவ்வோட உள்ள இழுத்து அம்பயருக்கு ஸ்ட்ரைக் மாதிரி காட்டறது. அதுல கேல் கெட்டிக்காரர், 2024ல சிறந்த ஃபீல்டருக்கான ப்ளாட்டினம் க்ளவ்வே வாங்கினார். சேலஞ்ச் வந்தா அந்த வித்தைக்கு கொஞ்சம் மதிப்பு குறையும்னு சொல்றாங்க. நான் அப்படி நினைக்கல. ஒரு மேட்ச்ல நூத்தம்பது பால் வருது, சேலஞ்ச் ரெண்டு, மீதி எல்லாம் பழைய கணக்குதான். அதோட எந்த பாலுக்கு அந்த ரெண்டை செலவு பண்றதுங்கறது புது வித்தை, ஒண்ணாவது இன்னிங்ஸ்ல கோவத்துல விட்டா எட்டாவதுல பேஸ் ஃபுல்லா இருக்கும்போது கை வெறுங்கை. போன வருஷம் ஆல் ஸ்டார் மேட்ச்ல சோதனைக்கு வெச்சப்ப முதல் சேலஞ்ச் கேட்டு ஜெயிச்சது யாரு? கேல்தான், ஸ்கூபல் போட்ட பாலுக்கு. அதனால அவர் பேட்ல 22 ஹோம் ரன் குறைஞ்சாலும் க்ளவ்ல கொஞ்சம் திருப்பி குடுப்பார். என் கணக்கு 94.

ஏற்காடு_காப்பி

தம்பி, டீச்சரம்மா சொன்னது நல்லா இருந்துச்சு, எனக்கு இந்த சேலஞ்ச் விஷயம் இப்பத்தான் புரியுது. நான் எஸ்டேட்ல சூபர்வைசர், மகன் அமெரிக்கால படிக்கும்போது அவனோட பேசறதுக்காக பாக்க ஆரம்பிச்சேன், அவன் விட்டுட்டான் நான் விடல. ரேடியோ கமெண்டரிதான் கேக்கறது, மலைல வீடியோ நிக்காது.

எனக்கு தெரிஞ்சது ஒண்ணு. மார்ச் ஏப்ரல்ல ஒரு பூ மழை பெய்யணும், பெஞ்சாதான் காப்பி செடி ஒரே நேரத்துல பூக்கும், ஆனா பூவை பாத்து எவ்ளோ மூட்டை வரும்னு நாங்க யாருக்கும் சொல்ல மாட்டோம், நவம்பர் வரைக்கும் எவ்ளவோ இருக்கு. அந்த மாதிரிதான் உங்க பிட்சர்ஸ். வூ போன வருஷம் முதல் 25 மேட்சும் ஆறு இன்னிங்ஸுக்கு குறையாம போட்டார், 15 வின், அவ்ளோ அழகா போயிட்டிருந்த பையனுக்கு செப்டம்பர்ல நெஞ்சு தசை புடிச்சுருச்சு. ஏழாவது மேட்ச்ல பாவம் நடுவுல வந்து போட்டார். ஆகஸ்ட்ல ஆளுக்கு ரெண்டு மேட்ச் ரெஸ்ட் குடுத்தா மூணு வின் குறையும், குறையட்டும், அக்டோபருக்கு ஆளு வேணும். 88 வின் போதும், வூவும் கில்பர்ட்டும் முழுசா இருந்தா வேர்ல்ட் சீரிஸ் போவோம். முன்யோஸ் பத்தி சூரமங்கலம் தம்பி சொன்னதுக்கு நான் கட்சி.

நாலுரோடு_புதுசு

அண்ணா நான் கிரிக்கெட் மட்டும்தான் பாப்பேன். போன வருஷம் 90 ஜெயிச்சு 72 மேட்ச் தோத்துட்டு எப்படி முதலிடம்?

அம்மாபேட்டை_51

@நாலுரோடு ஆறு மாசம் கிட்டத்தட்ட தினமும் மேட்ச் தம்பி, 162. இதுல 60 மேட்ச் எல்லாரும் ஜெயிப்பாங்க, 60 மேட்ச் எல்லாரும் தோப்பாங்க, மீதி 42ல நீ என்ன பண்றங்கறதுதான் சீசன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. ஒரு நாள் காலைல வீட்டுக்கு வா, அம்மாபேட்டைதான், ரெண்டு இன்னிங்ஸ்ல புரிய வெச்சுடறேன்.

@சூரமங்கலம் ஆமாங்க, முன்யோஸ் வந்திருக்கணும். அஞ்சு மாசமா இதை யார்கிட்டயும் ஒத்துக்கல, வில்சன் மேல எனக்கு மரியாதை அதிகம், ஆனா அந்த முடிவு தப்பு. நம்ம டீம் மறுபடி அக்டோபர்ல மோதினா ஒரே வீட்ல உக்காந்து பாக்கலாம், தட்டுவடை செட் என் செலவு.

@டீச்சர் அக்கா, 42ல இருந்து 40க்கு இறங்கிட்டேன், முட்டி கணக்கை நான் யோசிக்கவே இல்ல. அந்த பைனல் பால் ஸ்ட்ரைக்தான், நீங்க சொன்னா ஸ்ட்ரைக்தான்.

@ஏற்காடு ஐயா, ரெஸ்ட் குடுக்கறது சரிதான், அதையும் கழிச்சு 91ன்னு காலண்டர் பின்னாடி எழுதி தேதி போட்டுட்டேன், வேர்ல்ட் சீரிஸ் மட்டும் அழிக்கல. மே 2 ராண்டி ஜான்சன் நம்பர் 51க்கு விழா எடுக்கறாங்க, இச்சிரோவுக்கு போன வருஷமே எடுத்தாச்சு, அதை ரேடியோல கேக்காதீங்க, கண்ணால பாக்கணும். அன்னிக்கு கீழ இறங்கி வந்துருங்க. மழைல கமெண்டரி நின்னுச்சுன்னா உள்பெட்டில நம்பர் கேளுங்க, நான் போன்லயே ஒவ்வொரு இன்னிங்ஸா சொல்றேன்.