புதுப்பிப்பு: கைடு ஓய்வுபெற்ற பிறகு என் பிஎச்டி என்ன ஆனது

என் நெறியாளர் பணி ஓய்வு பெற்றுவிட்டார், அரையாண்டு முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துப் போட ஆளில்லை, "புதுசா பதிவு பண்ணிக்கோங்கம்மா" என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள் என முன்பு எழுதியிருந்தேன். அந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. புதுப் பதிவு தேவைப்படவில்லை.

கிருஷ்ணகிரியில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் அக்கா ஒருவர்தான் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பிஎச்டி விதிமுறைகளைப் படிக்கச் சொன்னார். ஓய்வுக்குப் பிறகும் நெறியாளர் 70 வயதுவரை இணை நெறியாளராகத் தொடரலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை இணைத்துத் துறைத்தலைவருக்குக் கடிதம் கொடுத்தேன். துறையிலேயே வேறொரு பேராசிரியரை நெறியாளராக நியமித்தார்கள், பழைய ஐயா இணை நெறியாளர் ஆனார். வாய்மொழியாக அலைந்தபோது நகராத விஷயம், எழுத்தில் கொடுத்ததும் நகர்ந்தது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

அப்புறம், தர்மபுரிப் பக்கம் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு ஆய்வு செய்யும் பெண்களுக்கு ஒன்று. பொதுக் கால வரம்பு 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் மேலும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வு உண்டு. மகப்பேறு விடுப்பாக 240 நாள் வரை எடுக்கலாம். இதை யாரும் தானாக வந்து சொல்வதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். உங்கள் பல்கலைக்கழகத்தின் ஒழுங்குமுறையையும் சேர்த்துப் படியுங்கள்.

சித்தேரி மலையில் பாதியில் நின்ற சிறுதானியக் களஆய்வை மறுபடி தொடங்கிவிட்டேன். அடுத்த மாதம் ஆய்வு ஆலோசனைக் குழு முன் அதைச் சமர்ப்பிக்கிறேன்.