பிரவுசர் பயிற்சித் தளத்தில ‘நேரம் கடந்தது’ எண்டு வருகுது, டொங்கிள்தான் காரணமோ?

பரந்தன்_பைதன்:
சொப்ட்வெயார் வேலை நேர்முகத்துக்கு ஆயத்தப்படுத்த ஒரு பிரவுசர் தளம் பாவிக்கிறன். அதுக்குள்ளயே கோட் எழுதி ஓட்டலாம். கணக்கு இது: எண்களின்ர பட்டியலும் ஒரு இலக்கும் தருவினம், கூட்டினா இலக்கு வாற இரண்டு எண்களின்ர இடத்தைச் சொல்லவேணும். மாதிரிச் சோதனை மூண்டும் பச்சை. சமர்ப்பிச்சா 18ஆவதில ‘நேரம் கடந்தது’. பைதன் மொழி, ஒரே ஒரு லூப்தான் (திரும்பத் திரும்ப ஓடுற பகுதி). 4ஜி டொங்கிள், இரவில ஒரு கோடு சிக்னல். கிளிநொச்சி ரவுணில நல்ல இணைப்பில செய்தா சரிவருமோ?
மற்றது, சன்னலை மூடித் திறந்தா எழுதின கோட் முழுக்கப் போகுது.

ஓமந்தை_0530:
பஸ் காசை மிச்சம் பிடியுங்கோ தம்பி. கோட் சேர்வருக்கு, அதாவது தளத்தின்ர கணினிக்குப் போய், அங்க ஓடத் தொடங்கின பிறகுதான் அந்த நேரத்தை அளக்கிறது. சிக்னல் மோசமெண்டா விடை பிந்தி வரும், இல்லாட்டி இணைப்புப் பிழை காட்டும்.
சில தளங்கள் நீங்கள் எழுதின கோட் முழுவதையும் உங்கட பிரவுசருக்குள்ளயே ஓட்டும், அப்ப லப்ரொப்பின்ர வேகம் கணக்கில வரும். பக்கம் முழுக்க ஏறினாப் பிறகு டொங்கிளைக் கழட்டிப்போட்டு ‘ஓட்டு’ அழுத்திப் பாருங்கோ, எது எண்டு தெரியும்.
கோட் போறதுக்கு: இன்கொக்னிட்டோ சன்னலிலயோ எழுதுறீங்கள்? அதை மூடினா பிரவுசரில சேமிச்சதெல்லாம் அழியும். சாதாரண சன்னலில திறவுங்கோ.
உள்ளீட்டு எல்லை எவ்வளவு? லூப்புக்குள்ள என்ன இருக்கு?

பரந்தன்_பைதன்:
இன்கொக்னிட்டோதான் அண்ணை. டொங்கிளைக் கழட்டினா ஓடேல்லை, அப்ப சேர்வரிலதான் ஓடுது. எல்லை 1,00,000 எண்கள். இலக்கில இருந்து எண்ணைக் கழிச்சு, மிச்சம் லிஸ்ரில இருக்கோ எண்டு ‘இன்’ போட்டுப் பார்க்கிறன். இருந்தா ‘இன்டெக்ஸ்’ போட்டு அதின்ர இடத்தை எடுக்கிறன்.

மருதமரம்:
அந்த ‘இன்’தான் உங்கட இரண்டாவது லூப். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். லிஸ்ரில ‘இன்’ போட்டா பைதன் முதலாவதில இருந்து ஒவ்வொண்டாப் பார்த்துக்கொண்டு போகும்; தேடுறது இல்லையெண்டா கடைசி மட்டும் போய்த்தான் நிக்கும். 1,00,000 தரம் 1,00,000, அதாவது 1000 கோடி ஒப்பீடு. மாதிரியில நாலைஞ்சு எண்தான், அதால பச்சை.

ஒண்டும் போடாத டிக்ஷனரி ஒண்டு எடுங்கோ, சாவியைக் குடுத்தா அதுக்குரிய பெறுமதியைத் தாற அமைப்பு அது. எண் சாவி, அதின்ர இடம் பெறுமதி. ஒவ்வொரு எண்ணிலயும் மிச்சம் டிக்ஷனரியில இருக்கோ எண்டு பாருங்கோ. இருந்தா அந்த இடமும் இப்ப நிக்கிற இடமும் விடை. இல்லாட்டி இந்த எண்ணைப் போட்டிட்டு அடுத்ததுக்குப் போங்கோ. டிக்ஷனரியில தேடுறது பட்டியல் வளர்ந்தாலும் சராசரியா ஒரே அளவு நேரம்தான். மொத்தம் 1 லட்சம் படி.

முதல் பார்க்கிறது, பிறகு போடுறது. இதை மாத்திப்போடாதேங்கோ. இலக்கு 6, எண் 3 எண்டா அந்த 3 தன்னையே சோடி சேர்க்கும். உங்கட இப்பத்தைய கோடிலயும் இந்தப் பிழை கிடக்கு. மாதிரிச் சோதனையில அகப்படேல்லை.

ஓமந்தை_0530:
அதே மாதிரி லிஸ்ரின்ர முன்பக்கத்தில இருந்து ‘பொப்’ பண்ணி ஒரு எண்ணை எடுத்தாலும் ஒவ்வொரு தரமும் மிச்சம் எல்லாம் ஒரு இடம் நகரும். வரிசை வேணுமெண்டா ‘டெக்’ (deque, இரண்டு பக்கத்தாலயும் போட்டு எடுக்கிற அமைப்பு) பாவியுங்கோ.

பரந்தன்_பைதன்:
எல்லாம் பச்சை! ஆனா தளம் கீழ ஒரு கேள்வி போடுது: பட்டியல் ஏற்கெனவே ஏறுவரிசையில இருந்தா, மேலதிக மெமரி இல்லாமல் செய்யேலுமோ எண்டு.

மருதமரம்:
ஏலும். ஒரு விரல் முதல் எண்ணில, மற்றது கடைசி எண்ணில. கூட்டுத்தொகை சின்னனெண்டா இடது விரலை வலப்பக்கம் ஒண்டு நகர்த்துங்கோ, பெரிசெண்டா வலது விரலை இடப்பக்கம். விரல் இரண்டும் சந்திச்சா சோடி இல்லை. நேர்முகத்தில இதைத்தான் அடுத்துக் கேப்பினம், வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதிப் பழகுங்கோ.