இணைய இணைப்பை மாற்றிய பின் ஜிமெயில் முகவரிகளுக்கு அஞ்சல் செல்லவில்லை

கேள்வி:
வணக்கம். திருப்பூரிலுள்ள எங்கள் பின்னலாடை நிறுவனத்தின் அஞ்சல் சர்வர் அலுவலகத்திலேயே இயங்குகிறது. வெள்ளிக்கிழமை இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றி, புதிய நிலையான ஐபி முகவரியை டிஎன்எஸ்ஸில் (பெயர்களை ஐபி முகவரிகளோடு இணைக்கும் பதிவேடு) பதிந்தோம். அஞ்சல்கள் ஒழுங்காக வருகின்றன. ஆனால் ஜிமெயிலுக்கு நாங்கள் அனுப்புபவை மட்டும் 550 என்ற பிழை எண்ணுடன் திரும்புகின்றன. ஏற்றுமதி விலைப்பட்டியல் ஒன்று மூன்று நாள்களாக நிற்பதால் மிகுந்த கவலையில் இருக்கிறேன்.

மறுமொழி 1:
சர்வர்கள் தங்களுக்குள் அஞ்சல் பரிமாறும் 25ஆம் போர்ட் அடைபட்டிருந்தால் அஞ்சல் வரிசையிலேயே தேங்கியிருக்கும். பெறும் சர்வர் அஞ்சலை மறுத்ததைக் குறிக்கும் 550 வருவதால் அந்தச் சந்தேகம் வேண்டாம். பிடிஆர் பதிவை முதலில் பாருங்கள். ஐபி முகவரியிலிருந்து சர்வரின் பெயரைக் காட்டும் இப்பதிவை உங்கள் டொமைன் கணக்கில் அமைக்க இயலாது. ஐபி முகவரியை வழங்கிய இணைய நிறுவனம்தான் அமைத்துத் தர வேண்டும் என்பதால், சர்வரின் முழுப்பெயரைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் கேளுங்கள். உங்கள் டொமைன் பெயரில் எந்த ஐபி முகவரிகள் அஞ்சல் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் அறிவிக்கும் எஸ்பிஎஃப் வரியையும் பாருங்கள். பழைய ஐபி அங்கேயே கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மறுமொழி 2:
வேண்டாத அஞ்சலைத் தடுக்க ஐபி முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் புதிய ஐபி முகவரியைத் தேடிப் பாருங்கள். வீட்டு இணைப்புகளுக்குரிய தொகுதியாக அது அத்தளத்தின் பிபிஎல் பட்டியலில் (நேரடியாக அஞ்சல் அனுப்பக் கூடாத ஐபி முகவரிகளின் பட்டியல்) இருக்கக்கூடும். சிக்கல் தீரும்வரை அவசர அஞ்சல்களை 587ஆம் போர்ட் வழியாக ஒரு ரிலே சேவையில் (உங்கள் அஞ்சலை வாங்கித் தன் சர்வரிலிருந்து அனுப்பும் சேவை) அனுப்பலாம்.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எஸ்பிஎஃப் வரியில் பழைய ஐபிதான் இருந்தது, திருத்திவிட்டேன். பிடிஆர் பதிவு இன்று காலை கிடைத்தது, நண்பகலில் விலைப்பட்டியலும் போய்ச் சேர்ந்தது.