ஏழு பேருடைய தாத்தாவும் என் பாட்டியும்

லயத்துப் பேரன்:
காலையில் சுங்கை சிப்புட் டவுனில் பசியாறப் போனால் எல்லா மேசையிலும் ஒரே பேச்சு. உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபீஃபா நம் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் போட்டு, ஏழு ஆட்டக்காரர்களை 12 மாதம் ஆடக்கூடாது என்று தடுத்திருக்கிறது. மலேசியாவுக்கு ஆடுவதற்காக, அவர்களின் தாத்தா பாட்டி இங்கே பிறந்ததாகக் காட்டிய பத்திரங்கள் போலியாம். அந்தத் தாத்தா பாட்டி பிறந்தது அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து என்கிறது ஃபீஃபா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பாட்டி இங்கிருந்து நாலு மைலில் ஒரு தோட்டத்து லயத்தில் 1951-இல் பிறந்தவர். இன்னும் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவருக்கான அடையாள அட்டை. இங்கே பாட்டி இருக்கிறார், பத்திரம் இல்லை. அங்கே பத்திரம் இருக்கிறது, தாத்தாதான் இல்லை.

பன்னிரண்டாம் ஆட்டக்காரன்:
தம்பி, 2025 ஜூன் 10 அன்று நான் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் இருந்தேன். வியட்நாமை 4-0! வேன் பிடித்துப் போய், விடியற்காலை வீடு திரும்பி, தூங்காமல் தோட்டத்தில் காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு நின்றேன். அந்த ஒரு ராத்திரியையாவது விட்டுவையுங்கள். இந்தோனேசியாவும்தான் நெதர்லாந்தில் பிறந்தவர்களை வைத்து ஆடுகிறது. பாட்டி கதை வேறு, பந்து வேறு.

கிராணி மகள்:
அந்த நாலு கோலில் இரண்டை அடித்தவர்கள் இந்த ஏழு பேரில் இருக்கிறார்கள், அண்ணே. இந்தோனேசியாக்காரன் நிஜத் தாத்தாவைத் தேடிப் பிடித்தான். எனக்கு எரிச்சல் வந்தது வேறு இடத்தில். பத்திரம் அனுப்பியதில் ஊழியர் செய்த தொழில்நுட்பத் தவறு என்றது சங்கம். என் அப்பா முப்பது வருஷம் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. ஆட்களின் வேலை நாளும் கூலியும் எழுதும் செக்ரோல் புத்தகத்தில் எது பிசகினாலும் துரையின் கையெழுத்து தப்பாகாது, கிராணியின் பேனாதான் தப்பு. மேலே இருப்பவன் படிக்காமலா கையெழுத்துப் போட்டான்?

செம்பனை லோரி:
எல்லாரும் திட்டினாலும் சொல்கிறேன். நம் ஆட்கள் மேலும் தப்பு இருக்கிறது. பிள்ளைக்குப் பேர் வைக்க நாள் பார்ப்போம், பேரைப் பதிய நாள் பார்க்க மாட்டோம். பதிந்துகொள்ளச் சொல்லி என் பெரியப்பாவை எத்தனை தடவை கூப்பிட்டார்கள்! ‘நான் இங்கேதானே பிறந்தேன், எவன் கேட்பான்’ என்று கள்ளுக்கடைக்குப் போனார். கேட்டார்கள். அப்புறம் யாரை நோவது?

லயத்துப் பேரன்:
லோரி அண்ணே, என் பாட்டி கள்ளுக்கடைக்குப் போகவில்லை, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார். 1957 சுதந்திர நாள் முதல் 1962 செப்டம்பர் வரை இந்த மண்ணில் பிறந்திருந்தால் சட்டமே குடியுரிமை கொடுத்திருக்கும். ஆறு வருஷம் முந்திவிட்டார், ஆகவே மனு போட வேண்டும். மனு போட டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். 1969-இல் குடியுரிமை இல்லாதவனுக்கு வேலை பெர்மிட் என்று வந்தபோதுதான் பலருக்கு உறைத்தது. அறுபதாயிரம் பேர் போல இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள், பாட்டியின் அண்ணனும் ஒருவர். இங்கே பிறந்ததற்குத் தாள் இல்லாததால் பாட்டி வெளியிலிருந்து வந்தவர்போல மனு போட்டார். அதற்கு 12 வருஷத்தில் 10 வருஷம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், போதிய மலாய் தெரிந்திருக்க வேண்டும். வாழ்ந்ததில் குறையில்லை. மலாயில் மீன் விலை குறைப்பார், நாட்டுக் கோட்பாடான ருக்குன் நெகாராவை ஒப்பிக்கத் தெரியாது. அனுப்பிவிட்டார்கள். அந்த ஏழு பேர் பத்து வருஷம் எந்த லயத்தில் இருந்தார்கள்?

பன்னிரண்டாம் ஆட்டக்காரன்:
அவர்களுக்குக் குடியுரிமையைச் சட்டப்படிதான் கொடுத்தோம் என்று உள்துறை அமைச்சர் சொல்லிவிட்டாரே. 2018-இல் 60 வயதைத் தாண்டிய சிவப்பு ஐசிக்காரர்களுக்குக் கொடுப்பதாக அப்போதைய பிரதமர் மகாதீர் அறிவித்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?

லயத்துப் பேரன்:
போட்டோம். பாட்டிக்கு அப்போது 67. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று கடிதம் வந்தது. அடுத்த தடவை போனபோது கோப்பு வேறு மாடிக்குப் போயிருந்தது. அது இன்னும் இறங்கவில்லை.

செம்பனை லோரி:
சரி, இதில் உங்கள் பக்கம்தான். ஆகஸ்ட் 31-இல் பெரியவர்கள் எல்லாருடைய மைகார்டு அடையாள அட்டையிலும் சாமான் வாங்க 100 வெள்ளி போட்டார்களே, பாட்டிக்கு வந்ததா?

லயத்துப் பேரன்:
குடிமக்களுக்கு மட்டும்தானே. நாங்கள் வரிசையில் நின்று அரிசி எடுத்தோம், பாட்டி பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிராணி மகள்:
அப்படியென்றால் அந்த ஏழு பேருக்கும் 100 வெள்ளி உண்டுதானே? தடை முடியும்வரை மைலோவாவது வாங்கலாம்.

பன்னிரண்டாம் ஆட்டக்காரன்:
சிரியுங்கள். ஆறுமுகம், சந்தோக் சிங், சோ சின் ஆன் இருந்த நம் அணி 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. எவன் தாத்தா பத்திரத்தையும் யாரும் கேட்கவில்லை. அரசாங்கம் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, அணி போகவில்லை. அதிலிருந்து 45 வருஷமாகக் காத்துக்கிடக்கிறவனுக்கு ஒரு 4-0 எப்படி இருக்கும் தெரியுமா? போலி என்று தெரிந்தாலும் அந்த ராத்திரி கத்தியது நிஜத் தொண்டை.

கிராணி மகள்:
அதை மறுக்கவில்லை, அண்ணே. தம்பி, உங்கள் பாட்டி எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்? தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது ஆபீஸ் புத்தகங்களைக் கொளுத்தச் சொன்னார்கள். அப்பா கொஞ்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஐம்பதுகளின் செக்ரோல் நாலைந்து பீரோவில் கிடக்கிறது, கரையான் தின்றது போக. உங்கள் கொள்ளுப்பாட்டி பிள்ளைப்பேற்றுக்காக வேலைக்கு வராமல் நின்ற நாளாவது அதில் இருக்கலாம்.

லயத்துப் பேரன்:
அக்கா, ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? பாட்டியையும் கூட்டிவருகிறேன்.

பன்னிரண்டாம் ஆட்டக்காரன்:
வேன் நான் எடுத்துவருகிறேன். அப்படியே அந்த ஏழு பேருடைய தாத்தா யாராவது அந்தச் செக்ரோலில் இருக்கிறாரா என்றும் ஒரு தடவை பார்த்துவிடலாம்.