புத்ரா ஹைட்ஸ் வெடிப்புக்குப் பிறகு: அருகில் குடியிருப்பவர்கள் யாரிடம், என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: புக்கிட் ஜாலில் செல்வி

வணக்கம். கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் அடுக்குமாடி ஒன்றில் வசிக்கிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பொறுப்பிலும் இருக்கிறேன். 2025 ஏப்ரல் 1ஆம் தேதி, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்குச் சற்றுப் பிறகு புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்துக் கிளம்பிய தீயை எங்கள் மேல்மாடிக்காரர்கள் பலர் மேற்கு வானத்தில் பார்த்தார்கள். அன்றிலிருந்து எங்கள் புளோக்கில் பேச்சு அடங்கவில்லை. பிள்ளைகள் உள்ளவர்கள் சிலர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்கிறார்கள். வயதானவர்கள், நடப்பது நடந்தே தீரும் என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். இளைஞர்களுக்கோ யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாத கோபம். வாட்ஸ்அப் குழுவில் அடுத்த குழாய் இங்கேதான் போகிறது, அங்கேதான் போகிறது என்று யார் யாரோ கோடு போட்ட வரைபடங்கள் சுற்றுகின்றன, அவற்றில் எது மெய் என்று சொல்ல ஆளில்லை.

இந்த அச்சத்தை வெறும் பேச்சாகக் கரையவிடாமல் உருப்படியான கோரிக்கையாக மாற்ற வேண்டும் என்பது என் விருப்பம். இப்படியொரு விபத்தை அருகிலிருந்து அனுபவித்தவர்கள், அல்லது இத்துறையில் பணியாற்றியவர்கள், அன்று உங்கள் அக்கம்பக்கத்தார் எப்படி நடந்துகொண்டார்கள், பிற்பாடு எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்பதை எழுதினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: புத்ரா ஹைட்ஸ்வாசி

சகோதரி, நான் அங்கேயே குடியிருப்பவன். எங்கள் வீடு தப்பியது; இரண்டு தெரு தள்ளியிருந்த வீடுகள் தப்பவில்லை. முதலில் தரை அதிர்ந்தது. நிலநடுக்கம் என்று நினைத்துத்தான் அம்மாவைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன். வெளியே வந்ததும் காதை அடைக்கும் இரைச்சல், அதன் பிறகு முகத்தில் அறைந்த அனல். தீப்பிழம்பு 30 மீட்டருக்கு மேல் எழுந்தது என்றும், வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டியது என்றும் பின்னர் படித்தபோதுதான், அத்தனை தொலைவில் நின்றும் தோல் எரிந்ததன் காரணம் விளங்கியது. செருப்பு மாட்ட நேரமில்லாமல் ஓடியவர்களின் பாதங்கள் தார்ச்சாலைச் சூட்டில் கொப்புளித்துப் போயின. தெருவோரம் நிறுத்தியிருந்த ஒரு காரின் முன்விளக்கு மெழுகாக உருகி பம்பரின் மேல் வழிந்து உறைந்திருந்தது. அது இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

வால்வுகளை அடைத்த பிறகும் குழாயில் எஞ்சியிருந்த வாயு எரிந்து தீர வேண்டியிருந்ததால், தீ முழுமையாக அணைய மாலை மூன்றே முக்கால் ஆயிற்று. அந்த இடத்தில் ஏறக்குறைய 10 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. 200க்கும் மேற்பட்ட வீடுகள் பாதிக்கப்பட்டன. 100 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். அன்று யாரும் உயிரிழக்கவில்லை. பெருநாளுக்குப் பலர் சொந்த ஊருக்குப் போயிருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றே நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

ஸ்ரீ மகா காளியம்மன் ஆலய மண்டபத்தை உடனே நிவாரண மையமாகத் திறந்துவிட்டார்கள். பெருநாள் உடையோடு ஓடி வந்த மலாய்க் குடும்பங்களும், எங்கள் தமிழ்க் குடும்பங்களும், சீன அண்டைவீட்டாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அன்று யாரும் யாரையும் வேற்று ஆளாகப் பார்க்கவில்லை. இதை நான் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆனால் நீங்கள் கேட்பது பின்னால் வந்ததைப் பற்றி. முதல் வாரத்தில் எல்லாரும் உயிர் பிழைத்ததற்கு நன்றி சொன்னார்கள். அதற்கடுத்த வாரங்களில் வாடகை வீடு, கார்க் காப்புறுதி, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, எரிந்துபோன பத்திரங்கள் என்று அன்றாடக் கவலைகள் வரிசையாக வந்து சேர்ந்தன. சூன் மாத இறுதியில் விசாரணை முடிவு வெளியானது: நாசவேலைக்கான சான்று இல்லை, குழாய்க்கு அடியிலிருந்த மண் ஈரத்தால் தளர்ந்து பிடிமானத்தை இழந்திருந்தது, மீண்டும் மீண்டும் விழுந்த சுமையில் குழாய் கீழிறங்கி அயர்ந்து முறிந்தது என்றார்கள். எப்படி நடந்தது என்பதற்கு அதில் விடை இருந்தது. இனி எங்கள் தெருவில் அந்த மண்ணை யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள், சோதித்ததை எங்களுக்கு யார் சொல்வார்கள் என்பதற்குத்தான் நாங்கள் இன்னும் விடை தேடுகிறோம். சுபாங் விமான நிலையத்துக்குத் தாழப் பறந்து வரும் விமானத்தின் இரைச்சல் கேட்டாலே என் அண்ணன் மகள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறாள். அவளுக்கு ஆறுதல் சொல்வதற்காவது எனக்கு ஒரு நேர்மையான பதில் வேண்டும்.

மறுமொழி 2: பிரிக்பீல்ட்ஸ் மாறன்

நான் சில ஆண்டுகள் இங்கிலாந்தில் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் நகரில் வேலை பார்த்தவன். 2005 டிசம்பர் 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை 6.01 மணிக்கு அந்த ஊரின் ஓரத்திலிருந்த பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கு வெடித்தது. நான் தங்கியிருந்த வீட்டுச் சன்னல் சட்டத்தோடு உள்ளே விழுந்தது. லூட்டன் விமான நிலையம் பக்கத்திலேயே இருந்ததால் விமானம் விழுந்துவிட்டது என்றே தெருவில் பலர் கூவினார்கள். நிலநடுக்கக் கருவிகளில் அது 2.4 அளவுக்குப் பதிவானது. சத்தம் கடல் தாண்டி நெதர்லாந்து வரை கேட்டிருக்கிறது. தீ நாள்கணக்கில் எரிந்தது, 20க்கும் மேற்பட்ட கொள்கலன்கள் அதில் சிக்கின, கரும்புகை தென் இங்கிலாந்து முழுவதும் பரவியது, சுமார் 2,000 பேர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். 43 பேர் காயமடைந்தார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை. பக்கத்திலிருந்த தொழிற்பேட்டையில் வேலை நாளில் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். ஞாயிறு விடியற்காலையாக இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு அந்த ஊர்க்காரர்களை நெடுநாள் தூங்கவிடவில்லை.

அவர்களுடைய கோபம் முதிர்ந்த விதத்தை நீங்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன். முதல் சில நாள்களில் கோபம் இல்லை. உடைந்த கதவுக்குப் பலகை அடிப்பதும், மூடிய பள்ளி எப்போது திறக்கும் என்று கேட்பதும், புகையை மூச்சில் இழுத்தால் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று மருத்துவரைத் தேடுவதுமாகவே நாள்கள் போயின. விசாரணை விவரங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தபோதுதான் ஊர் கொதித்தது. 912ஆம் எண் கொள்கலனில் முந்தின இரவிலிருந்து பெட்ரோல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அளவுமானி காட்டிய அளவு அதிகாலை மூன்று மணி வாக்கில் அப்படியே நின்றுவிட்டது, பெட்ரோலோ ஏறிக்கொண்டே இருந்தது. கொள்கலன் நிரம்பினால் தானாக வரத்தை நிறுத்த வேண்டிய அவசர விசையும் செயல்படும் நிலையில் பொருத்தப்படவில்லை. ஆகவே 2,50,000 லிட்டருக்கு மேல் உச்சியிலிருந்து வழிந்து ஆவியாகி, வெண்மூட்டம்போல் தரையோடு படர்ந்து, வேலியைத் தாண்டி வெளியே வந்து தீப்பற்றியது. வழியத் தொடங்கியதற்கும் வெடித்ததற்கும் இடையே இருபது நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் இருக்கும். அத்தனை நேரமும் சுற்றியிருந்த வீடுகளுக்கு ஒரு சங்கொலிகூட எட்டவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் "எங்களுக்கு யாருமே சொல்லவில்லை" என்பதுதான்.

இன்னொன்றும் உண்டு. கிடங்கு 1968இல் தொடங்கியது. அதன் பிறகு ஊரும் தொழிற்பேட்டையும் அதை நோக்கி வளர்ந்தன. கிடங்குக்கு அருகில் வந்து குடியேறியது உங்கள் விருப்பம்தானே என்று சிலர் வெளியூரிலிருந்து பேசினார்கள். எனக்கு இந்த வாதம் அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. வீடு கட்ட அனுமதி தந்த அலுவலகத்தில் அபாய விவரம் இருக்கிறது, வீட்டை வாங்கிய தொழிலாளியிடம் அது இல்லை. விவரம் இருந்த இடத்தில்தான் பொறுப்பும் இருக்க வேண்டும். 2010இல் நீதிமன்றம் ஐந்து நிறுவனங்களுக்குத் தண்டம் விதித்தது. செலவுத் தொகையையும் சேர்த்தால் அது ஒரு கோடி பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. தீயணைப்பு நுரையிலிருந்த வேதிப்பொருள் நிலத்தடி நீரில் இறங்கியது வேறு தனிக் கவலையாக நின்றது. ஆகவே உங்கள் புளோக்கில் யாராவது "தீ அணைந்துவிட்டது, இனி என்ன" என்று கேட்டால், தீ அணைந்த பிறகுதான் குடியிருப்பாளரின் வேலை தொடங்குகிறது என்று தயங்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி 3: பணி ஓய்வு பெற்ற பாதுகாப்பு அதிகாரி, செந்தூல்

செல்வி அம்மா கேட்ட "யாரிடம்" என்பதற்கு மட்டும் எழுதுகிறேன்.

நம் நாட்டில் இதற்கு வரலாறு உண்டு. 1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டார்கள். அதைத் தொடர்ந்த விவாதங்களின் பின்னணியில்தான் 1994இல் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 1996இல் அதன் கீழ்ப் பெரும் தொழிலியல் விபத்து அபாயக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் வந்தன. பெரும் அபாயம் உள்ளதாக வகைப்படுத்தப்பட்ட நிலையத்தின் அருகில் வசிப்பவர்களுக்கு, அங்கே என்ன அபாயம் இருக்கிறது, விபத்து நேர்ந்தால் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிவிக்கும் கடமையை அவ்விதிமுறைகள் நிலைய நிர்வாகத்தின் மேல் வைக்கின்றன. எனவே நீங்கள் கேட்கப் போவது சலுகை அன்று. எண்ணெய், எரிவாயுப் பெருங்குழாய்கள் 1984ஆம் ஆண்டின் பெட்ரோலியப் பாதுகாப்பு நடவடிக்கைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதற்கும் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதார இலாகாவையே அணுக வேண்டும். நகரின் எரிவாயு விநியோகக் குழாய்களுக்கு எரிசக்தி ஆணையம். கடிதத்தைச் சங்கத்தின் பெயரில் மலாய் மொழியில் எழுதி, மாநகர் மன்றத்துக்கும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் நகல் அனுப்புங்கள். தபாலில் மட்டும் அனுப்பாமல் நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

உயிர் காக்கும் விவரம் ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனெனில் புத்ரா ஹைட்ஸ், பன்ஸ்ஃபீல்ட் ஆகிய இரண்டு விபத்துகளையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. குழாயில் ஓடும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது, மேலே எழும்பும். தீப்பற்றிவிட்டால் அதன் அனல்தான் முதல் எதிரி. ஆகவே திறந்த வெளியில் நின்று படம் பிடிக்காமல், கட்டடங்களை முதுகுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு விலகிச் செல்ல வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கால்வாயிலும் அடித்தளக் கார் நிறுத்துமிடத்திலும் தேங்கும். கடும் பெட்ரோல் வாடையும் தரையோடு ஒட்டிய மூட்டமும் தெரிந்தால் காரை முடுக்கவோ விளக்கு விசையைத் தொடவோ கூடாது. மேடான பக்கமாகக் காற்றுக்குக் குறுக்கே நடந்து விலகி, போதுமான தொலைவுக்குப் போன பிறகே 999ஐ அழைக்க வேண்டும். வால்வை அடைப்பதற்கு முன்பு எரிவாயுத் தீயை ஏன் அணைக்கவில்லை என்று அன்று பலர் தீயணைப்பு வீரர்களைக் குறை சொன்னார்கள். வாயு வந்துகொண்டிருக்கும்போது சுடரை மட்டும் அணைத்தால், எரியாத வாயு சேர்ந்து மறுபடியும் வெடிக்கும். அவர்கள் செய்ததுதான் சரி.

குழாய் போகும் ஒதுக்கு நிலத்தில் அடையாளக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். அந்த வரிசையில் மண் இறங்கியிருந்தாலோ, மழை விட்டும் நீர் தேங்கி நின்றாலோ, யாராவது மண்வாரி இயந்திரத்தோடு வந்தாலோ, படம் எடுத்துக் கம்பத்திலுள்ள எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள்.

மறுமொழி 4: புக்கிட் ஜாலில் செல்வி

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. புத்ரா ஹைட்ஸ் அண்ணன் எழுதியதை எங்கள் சங்கச் செயற்குழுவில் வாசித்துக் காட்டினேன். விற்றுவிட்டுப் போவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட, போகும் இடத்தில் மட்டும் குழாய் இல்லை என்று யார் உறுதி தருவார்கள் என்று யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கடிதத்தில் மூன்று கேள்விகளை வைப்பதாக முடிவாகியுள்ளது: எங்கள் குடியிருப்புக்கு அருகில் எந்தக் குழாய், எந்தக் கிடங்கு உள்ளது, அதன் மண்ணும் இணைப்புகளும் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன, ஆபத்து நேர்ந்தால் எங்களுக்கு எந்த வழியில், யார் அறிவிப்பார்கள். மூன்றாவதற்குப் பதில் வராமல் விடுவதில்லை என்று இளைஞர்கள் உறுதியாக இருக்கிறார்கள்.

ஐயா, ஒரு சந்தேகம் மட்டும். எங்கள் புளோக்கில் நடக்க முடியாத முதியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களின் வீட்டு எண்களைத் தீயணைப்பு நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்து வைக்கலாமா?

மறுமொழி 5: பணி ஓய்வு பெற்ற பாதுகாப்பு அதிகாரி, செந்தூல்

தாராளமாகக் கொடுக்கலாம், அம்மா. அவர்களின் சம்மதத்தை எழுதி வாங்கிக்கொண்டு, மாடி எண், சக்கர நாற்காலி உண்டா, உயிர்வாயுக் கலன் உண்டா என்பதையும் குறித்துக் கொடுங்கள். அதே பட்டியலின் ஒரு பிரதி காவலர் கூண்டிலும் இருக்கட்டும். ஆளுக்கு இரண்டு அண்டைவீட்டாரைப் பொறுப்பாக்கி, ஆண்டுக்கு இருமுறையாவது பெயர்களைச் சரிபாருங்கள்.